ஓய்வு என்னும் பரம்பரைச் சொத்து

ஓர் அருவிக்கரையில் வேலை எதுவும் இல்லாமல் உட்கார்ந்து ஒரு பொழுதைக் கழிக்கும் உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது? விடுமுறையில் ஊர்சுற்றக் கிளம்பும்போது யாரும் இப்படிக் கேட்டுக்கொள்வதில்லை. ரீயூனியன் தீவில், வெளியூர்க்காரர்கள் அவ்வளவாகத் தேடிப் போகாத ஓர் அருவியின் முன் அமர்ந்திருந்தபோது இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது.

ரீயூனியன், மடகாஸ்கருக்குக் கிழக்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சு ஆட்சிப் பகுதி. கடலுக்கடியிலிருந்து எரிமலைக் குழம்பு பொங்கிப் பொங்கி உறைந்து எழுந்த தீவு. நம் ஊர்ப் பக்கத்துச் செஞ்சிப் பாறைகளின் வயது இருநூறு கோடி ஆண்டுகளுக்கும் மேல். இந்தத் தீவோ கடலுக்கு மேல் தலைகாட்டி இருபது, முப்பது லட்சம் ஆண்டுகள்தான் ஆகின்றன. தென்கிழக்கில் உள்ள பித்தோன் த லா ஃபூர்னேஸ் எரிமலை இன்றும் அடிக்கடி நெருப்பைக் கக்குகிறது. தீவுக்கு வருகிறவர்கள் அந்த எரிமலைக்கும், ஹெலிகாப்டரில் ஏறி த்ரூ த ஃபேர் பள்ளத்தின் பேரருவிகளைப் பார்க்கவும் போகிறார்கள். நான் போனது வடகிழக்குக் கரையில் உள்ள சேன்த் சுசானுக்கு. அங்கே கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே செல்லும் பாதையின் முடிவில் ஒரு கரும்பாறைச் சுவர். ஏறத்தாழ முப்பது மீட்டர் உயரத்திலிருந்து ஆறு அதன்மேல் வழிந்து, கீழே அகன்ற மடுவில் விழுகிறது. ஊர்க்காரர்கள் அதை நயாகரா என்கிறார்கள்.

எரிமலைத் தீவில் அருவிகள் மிகுந்திருப்பதற்குக் காரணம் உண்டு. குழம்பு அடுக்கடுக்காக உறையும்போது கெட்டிப் பாறைகளுக்கு இடையே சாம்பலும் உதிரிக் கல்லும் சிக்கிக்கொள்கின்றன. தண்ணீர் அவற்றை முதலில் அரித்துவிட, கெட்டிப் பாறை செங்குத்தாக நின்றுவிடுகிறது. தண்ணீருக்கும் அங்கே பஞ்சமில்லை. 1966 ஜனவரியில் இத்தீவின் ஃபொக்-ஃபொக் என்ற இடத்தில் 24 மணி நேரத்தில் 1,825 மி.மீ. மழை பெய்தது, உலகில் ஒரே நாளில் பதிவான மழையில் அதுவே அதிகம். 2024 ஃபெஞ்சல் புயலில் நம் மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. கொட்டியதையும், ஊர்கள் பட்ட பாட்டையும் திண்டிவனத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஃபொக்-ஃபொக்கில் பெய்தது அதைப்போல மூன்றரை மடங்குக்கும் மேல்.

ஆனால் அருவியைவிட அதைச் சூழ்ந்திருந்த கரும்புதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. 1848 டிசம்பர் 20 அன்று ரீயூனியனில் அடிமை முறை ஒழிந்தது. கரும்பு வெட்ட ஆள் தேடிய முதலாளிகள் இந்தியாவின் பக்கம் திரும்பினார்கள். ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்து, புதுச்சேரியிலும் காரைக்காலிலும் நம்மவர்கள் கப்பலேறினார்கள். அவர்களை அங்கே நடத்திய விதம் அவ்வளவு மோசமாக இருந்ததால், 1882இல் பிரிட்டிஷ் அரசே இந்த ஆள் அனுப்புதலை நிறுத்தியது. திண்டிவனத்திலிருந்து புதுச்சேரித் துறைமுகம் ஏறத்தாழ 40 கி.மீ. மழை பொய்த்த ஆண்டில், கடன் கழுத்தை நெரித்த வீட்டிலிருந்து, நம் தென்னார்க்காட்டு மனிதர் ஒருவர் அந்த வழியை நடந்தே கடந்திருப்பார்.

அப்படிக் கப்பலேறியவர்களின் வழிவந்தவர்கள் இன்று கிரியோலும் பிரெஞ்சும் பேசுகிறார்கள். தமிழ் நாவிலிருந்து போய்விட்டது, தீமிதி போகவில்லை. அங்கே பாண்டியாலே என்ற பெயரில் வணங்கப்படுகிறவள் நம் பாஞ்சாலிதான். செஞ்சிக்கு அருகே மேலச்சேரியில் உள்ள திரௌபதி அம்மன் கோயிலைத்தான் அந்த வழிபாட்டின் தாயிடமாக நம் பக்கத்தில் சொல்வார்கள். அந்த நெருப்பைக் கடல் தாண்டிக் கொண்டுபோனவர்கள், ஆலைகளின் ஓரத்தில் கிடைத்த துண்டு நிலத்தில் கோயில் கட்டிக்கொண்டார்கள்.

நான் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மடுவைச் சுற்றிக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். சோற்றுப் பானை, கறிச் சட்டி, பாட்டு. பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர், உடன் வந்த நண்பர் மூலம் நான் எந்த ஊர் என்று கேட்டார். புதுச்சேரிக்குப் பக்கம் என்றதும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய பாட்டனார் இந்தக் கரும்புக் காட்டில்தான் வெட்டினாராம். "தினமும் இந்தத் தண்ணீர்ச் சத்தம் அவர் காதில் விழுந்திருக்கும். இங்கே வந்து உட்கார்ந்ததாக வீட்டில் யாரும் சொன்னதில்லை" என்றார்.

என் தாத்தாவும் அப்படித்தான். மல்லாட்டைக் கொல்லையை விட்டு அதிகம் வெளியே போகாதவர். ஏரி நிரம்பிக் கோடி போகும்போது கலங்கலில் விழுந்த தண்ணீர்தான் அவர் பார்த்த அருவி. அதையும் வரப்பு உடையாமல் இருக்க வேண்டுமே என்ற கவலையோடுதான் பார்த்திருப்பார். அவர் வயிற்றைக் கட்டி மகனைப் படிக்க வைத்தார். அந்த மகன் சம்பாதித்து என்னைப் படிக்க வைத்தார். அதனால்தான் நான் கடல் கடந்து போய், ஓர் அருவியின் முன் சும்மா உட்கார முடிந்தது.

அழகை ரசிக்கக் கண் இருந்தால் போதும் என்கிறார்கள். போதாது. பயமில்லாத மனமும், நாளைய அடுப்பைப் பற்றிக் கவலையில்லாத வயிறும், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத ஒரு பகல்பொழுதும் வேண்டும். உழைக்கிற வீட்டில் இவை சேர இரண்டு, மூன்று தலைமுறை ஆகிறது. கரும்பு வெட்டியவரின் பேரன் அதே இடத்தில் குடும்பத்தோடு சோறு உண்ண அத்தனை காலம் ஆனது. நம் ஓய்வு, நமக்கு முன்னால் ஓய்வே அறியாதவர்கள் சேர்த்து வைத்துவிட்டுப் போன சொத்து. அதை நான்கு படம் எடுத்துவிட்டு அடுத்த இடத்துக்கு ஓடுவதில் கரைப்பது, பாட்டன் வாங்கிய நிலத்தைக் கண்ணால் பார்க்காமலே விற்பதற்குச் சமம்.

எனவே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நம்மை ஆளாக்கிய, இன்றுவரை ஓர் அருவிகூடப் பார்த்திராத அம்மாவோ அப்பாவோ சித்தப்பாவோ நம் ஒவ்வொரு வீட்டிலும் இருப்பார்கள். அடுத்த பயணத்துக்குச் சீட்டு எடுக்கும்போது அவர்களுக்கும் ஒன்று எடுங்கள். தொலைவு முடியாதென்றால், கல்வராயன் மலை இருக்கிறது. அதுவும் முடியாதென்றால், ஊர் ஏரி கோடி போகும் நாளில் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், அவர்கள் போதும் என்று சொல்லும்வரை உடன் உட்கார்ந்திருங்கள்.