நிழலைத் தேடிப் போகும் வீடு

திருநெல்வேலிப் பக்கத்துத் தெருநாய்க்கு அக்னி நட்சத்திரத்தைக் கடக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காலையில் டீக்கடை பெஞ்சுக்கு அடியில் கிடக்கும். வெயில் ஏறினால் பழுதாகி நிற்கும் லாரிக்கு அடியில். உச்சிப்பொழுதில் குழாயடிக்குப் போய், ஈர மண்ணை முன்னங்காலால் பறித்து, அந்தக் குழியில் அடிவயிறு படப் படுத்துக்கொள்ளும். முடி குறைந்த அந்த இடத்தை மண்ணில் பதித்தால் சூடு இறங்கும் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. நிழல் திரும்பினால் எழுந்து உதறிக்கொண்டு அதுவும் திரும்பும்.

இத்தனை சாமர்த்தியத்தையும் ஒரு கதவைச் சாத்திப் பறித்துவிடலாம். வேனில் நாயோடு குடியேறிய பிறகு என் மனதில் ஓயாமல் ஓடுவது இதுதான்.

நானும் கணவரும் அரிசோனாவில் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு ஒரு ஃபோர்டு டிரான்சிட் வேனை வீடாக்கிக்கொண்டவர்கள். கட்டில், ஒற்றை அடுப்பு, கூரையில் சோலார் பலகை, மடிக்கணினியில் வேலை. கூடவே ஒரு கறுப்பு நாய். ‘பரியேறும் பெருமாள்’ பார்த்த கையோடு தத்தெடுத்ததால் கருப்பி என்று பெயர். “ஏட்டி, படத்துல செத்துப்போன நாய் பேரையா வைப்ப?” என்று அம்மா இன்றைக்கும் வீடியோ காலில் கேட்பாள். வேன் வாழ்க்கையை இங்கே சுதந்திரம் என்கிறார்கள். எங்கள் இருவரையும் பொறுத்தவரை அதில் பொய்யில்லை. கருப்பியைத்தான் யாரும் கேட்கவில்லை. அவளுக்குக் கிடைத்தது தகரப் பெட்டி ஒன்று. அதன் கைப்பிடியைத் திருப்ப அவளுக்கு விரல் கிடையாது.

நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும், அவ்வளவுதான். நாக்கைத் தொங்கப்போட்டு இரைக்கும்போது வாயிலும் மூச்சுக்குழலிலும் உள்ள ஈரம் ஆவியாகிறதே, சூடு தணிய அதற்கு இருக்கும் பெரிய வழி அதுதான். இயல்பான உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 41-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. நடுவே இருப்பது இரண்டே டிகிரி. வண்டியோ டிகிரிகளை அள்ளி வீசும். 2005-ல் வெளிவந்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வு ஒன்றில், வெளியே 22 டிகிரி இருந்த நாளில்கூட, அதாவது கொடைக்கானல் மாதிரியான ஒரு நாளில், பூட்டிய காருக்குள் ஒரு மணி நேரத்தில் 47 டிகிரி ஆனது. ஏறும் வெப்பத்தில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணிக்குள்ளேயே ஏறிவிட்டது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டும் பார்த்தார்கள்; சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. “இந்தா, பால் பாக்கெட் வாங்கிட்டு வந்துடறேன்” என்று இறங்கிப் போகிறோமே, ஆபத்து அந்த நேரத்துக்குள்தான் இருக்கிறது.

இதற்கெல்லாம் இங்கே சாமான்கள் விற்கிறார்கள். எங்களிடமும் பலது உண்டு. கூரை விசிறி நல்ல பொருள், கரண்டும் அதிகம் தின்னாது. ஆனால் வெளிக்காற்றைவிட உள்ளே குளிர வைக்க அதனால் முடியாது. வெளியே 42 என்றால் அது இழுத்து விடுவதும் 42 டிகிரிக் காற்றுதான். ஏர்கூலர் பாலைவனத்தின் உலர்ந்த காற்றில் அருமையாக வேலை செய்யும். ஆனால் ஜன்னலை அடைத்துவிட்டு அதை ஓட்டினால் உள்ளே ஈரப்பதம் ஏறிவிடும். ஈரக் காற்றில் நாய் எவ்வளவு இரைத்தாலும் ஆவியாவது குறையும். நமக்குச் சில்லென்று இருக்கும், அதற்கு மூச்சு முட்டும். ஜூலையில் பருவமழைக் காற்று வந்துவிட்டாலோ கூலர் பாதிக்குப் பாதி வெறும் அலங்காரம். அப்படியானால் ஏசி? கூரை ஏசி ஓடும்போது 1,300 வாட் வரை இழுக்கும். 12 வோல்ட், 200 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியில் இருப்பதே சுமார் 2,500 வாட்-மணி. இடைவிடாமல் ஓடினால் இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. சோலார் இருக்கிறதே என்பீர்கள். சோலாருக்கு வெயிலில் நிற்க வேண்டும், நாய்க்கு நிழலில் நிற்க வேண்டும். வண்டி ஒன்றுதான். பலகை சூடேறினால் அது தரும் மின்சாரமும் குறைகிறது என்பது இதில் தனி வேடிக்கை.

உள்ளே சூடு ஏறினால் கைபேசிக்குச் செய்தி அனுப்பும் கருவி ஒன்றும் வைத்திருக்கிறோம். அதற்கு சிக்னல் வேண்டும். குளிர்ச்சியான மலைக்காட்டில் சிக்னல் இருப்பதில்லை. சிக்னல் கொழிக்கும் ஊரில் குளிர்ச்சி இருப்பதில்லை. சிக்னல் கிடைத்தே செய்தி வந்தாலும், நான் எத்தனை நிமிட தூரத்தில் இருக்கிறேன் என்பதைத்தான் அது கேட்கிறது. டெஸ்லா 2019-ல் நாய்களுக்கென்றே ஓர் ஏற்பாடு கொண்டுவந்தது. ஏசி தொடர்ந்து ஓடும். உரிமையாளர் சீக்கிரம் வந்துவிடுவார் என்று உள் வெப்பநிலையோடு திரையில் எழுதிக் காட்டும். கெட்டிக்கார யோசனைதான். ஆனாலும் கருவி நல்லதாக ஆக ஆக, நாயைத் தனியே விட்டுப் போகும் துணிச்சலும் கூடுகிறது என்பது என் கட்சி. இயந்திரம் ஓடும்போது நாய் எப்படியிருக்கிறது என்று பார்ப்பதைவிட, அது நின்றுபோனால் எத்தனை நிமிடம் தாங்கும் என்று கணக்குப் போடுவதுதான் பத்திரம்.

டல்லாஸில் இருக்கும் நண்பர் ஒருவருக்கும் நாயோடு வேனில் குடியேறும் ஆசை வந்துவிட்டது. அவர் வளர்ப்பது பக். சப்பை மூக்கு நாய்க்குச் சாதாரண நாளிலேயே மூச்சு விடுவது பாடு; சூட்டில் முதலில் சாய்வது அந்த ஜாதிதான். “ஜூலை மாசம் மத்தியானம் ரெண்டு மணிக்கு எங்க இருப்பீங்க, நாய் பக்கத்துல யாரு இருப்பா? அதை முதல்ல சொல்லுங்க” என்றேன். அவர் இன்னும் பேட்டரி விலையைத்தான் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

எங்களுக்குத் தெரிந்த ஒரே உருப்படியான வழி, வீட்டையே தூக்கிக்கொண்டு மேலே போவது. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறரை டிகிரி குறையும். ஃபீனிக்ஸ் சுமார் 330 மீட்டர் உயரத்தில் கிடக்கிறது. ஃபிளாக்ஸ்டாஃப் 2,100 மீட்டரில். நடுவில் 230 கிலோமீட்டர்தான். 2023 கோடையில் ஃபீனிக்ஸ் தொடர்ந்து 31 நாட்கள் 43 டிகிரிக்கு மேல் வெந்துகொண்டிருந்தது. மேலே பைன் காட்டில் ஜூலைப் பகல் 28-ஐ ஒட்டித்தான் இருக்கும். குளிர்காலத்தில் குவார்ட்ஸைட் பாலைவனத்தில் கூடாரமடிக்கும் வண்டிக் கூட்டம் ஏப்ரலில் கலைந்து வடக்கே போவதும் இந்தக் கணக்கில்தான். இதற்கும் விலை உண்டு. தேசியக் காட்டில் ஓரிடத்தில் 14 நாளுக்கு மேல் தங்க முடியாது. காட்டுத்தீ அபாயம் முற்றினால் காட்டையே அடைத்துவிடுவார்கள். 2021 ஜூனில் ஃபிளாக்ஸ்டாஃபைச் சுற்றியுள்ள கோகோனினோ காட்டை அப்படித்தான் மூடினார்கள், சரியாக வெயில் கொளுத்தும் நேரத்தில். தேசியப் பூங்காக்களில் நாயோடு நடக்கக் கிடைக்கும் பாதைகள் சொற்பம்; ஸையானில் ஒன்றே ஒன்று. “அரிசோனாவுல இருந்துக்கிட்டு இன்னும் அங்க போகலையா?” என்று கேட்பவர்களுக்கு கருப்பியைக் கைகாட்டிவிடுவேன்.

மற்றபடி எங்களிடம் இருக்கும் குளிர்சாதனம் இன்னொரு ஆள்தான். ஒருவர் கடைக்குப் போனால் மற்றவர் வண்டியில். பல் மருத்துவர், சலவைக்கூடம், ஜிம்மில் குளியல் எல்லாமே முறைவைத்து. நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு சினிமாவுக்குப் போய் வெகுகாலமாகிறது. ஒரு சூப்பர் மார்க்கெட் வாசலில் யாரோ கண்ணாடியைப் படபடவென்று தட்ட, திரைக்குப் பின்னால் தூங்கிக்கொண்டிருந்த கணவர் லுங்கியோடு கதவைத் திறந்திருக்கிறார். வெளியே ஒரு பாட்டி, ஒரு கையில் கைபேசி, மறு கையில் தண்ணீர் பாட்டில். இவரைப் பார்த்து அவருக்கு நிம்மதியெல்லாம் இல்லை. நாய் தண்ணீர் குடித்ததா என்று கேட்டு, இவரைத் தாண்டி எட்டிப் பார்த்து, அது வாலாட்டிய பிறகுதான் போனாராம். அரிசோனாவிலும் கலிஃபோர்னியாவிலும் 2017 முதல், பூட்டிய வண்டிக்குள் நாய் உயிருக்குப் போராடுவதாகத் தெரிந்தால், போலீஸுக்குச் சொல்லிவிட்டு எவரும் கண்ணாடியை உடைத்துக் காப்பாற்றலாம். பாட்டி அடுத்து அதைத்தான் செய்திருப்பார். செய்திருந்தாலும் எனக்கு வருத்தமில்லை. அப்படி வெளியே எடுத்த நாயின் மேல் ஈரத் துண்டைப் போர்த்தி வைக்காதீர்கள், சூடு உள்ளேயே நின்றுவிடும். தண்ணீரை ஊற்றி, காற்று படவைத்து, குளிர வைத்த பிறகு மருத்துவரிடம் ஓடுங்கள்.

நாங்கள் மலையேறிப் போகிறோம் என்றால் அதற்குப் பெட்ரோல் போடக் காசும், எங்கிருந்தும் செய்யக்கூடிய வேலையும் இருக்கிறது. ஃபீனிக்ஸில் ஒரு நூலக வாகன நிறுத்தத்தில் பழைய கார் ஒன்றில் வசிக்கும் பெண்மணியிடம் பேசிக்கொண்டிருந்தேன். அறுபது வயதிருக்கும். மடியில் சடை விழுந்த சின்ன நாய். தங்குமிடம் ஒன்றில் கட்டில் கிடைத்ததாம். நாயை விட்டுவிட்டு வா என்றார்களாம். அதனால் கார். இந்த ஊரில் கார் தூங்குவதற்கான இடமில்லை என்று போலீஸ் எழுப்பிவிடுவதும் உண்டாம். நான் ஃபிளாக்ஸ்டாஃபைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் சிரித்தார். வாரத்தில் மூன்று நாள் அவருக்கு டயாலிசிஸ். விடியும் முன்னே முதல் ஷிப்டை எழுதி வாங்கியிருக்கிறார், நாய்க்காக. அங்கே முடிய நான்கு மணி நேரம் ஆகும். ஃபீனிக்ஸ் கோடையில் அதற்குள் வெயில் வந்துவிடும். வாசல் காவலாளியின் சின்ன அறையில் ஏசி உண்டு. நாயை அவர் காலடியில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போய்ப் படுக்கிறாராம்.

அந்தக் காவலாளிக்கு வேலை மாறிவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

“அடுத்து வரவருக்கு நாய் பிடிக்குமான்னு பார்க்கணும். இவரைப் பழக்கவே ரெண்டு வாரம் பிஸ்கட் வாங்கிக் கொடுத்தேன்” என்றார். நாய்க்கா, காவலாளிக்கா என்று கேட்கவில்லை.