பெயருக்கு எவ்வளவு, பொருளுக்கு எவ்வளவு?



நாம் கொடுக்கும் விலையில் பொருளுக்குச் சேருவது எவ்வளவு, அதன்மேல் பொறித்த பெயருக்குச் சேருவது எவ்வளவு? இது கடைத்தெருக் கேள்வியாகத் தோன்றலாம். சற்று ஆழ்ந்து பார்த்தால் நீதியைப் பற்றிய கேள்வி என்பது விளங்கும். ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவே வாழும் நாம் இதை ஆராயத் தகுதியுள்ளவர்கள். மற்றவர்கள் பொருளைக் கடையில் காண்கிறார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளோ அது பெயர் பெறுவதற்கு முன்பே அதைக் கையால் தொடுகிறார்கள்.

ஒரகடத்தில் 2010-ஆம் ஆண்டு ரெனால்ட், நிசான் என்னும் இரு கம்பெனிகளும் கூட்டாக ஒரு மோட்டார் தொழிற்சாலையைத் திறந்தன. 2012-ல் அங்கிருந்து ரெனால்ட் பெயரில் டஸ்டர் என்ற வண்டி வெளிவந்தது. அடுத்த ஆண்டு நிசான் பெயரில் டெரானோ வந்தது. முகப்பு மாறியது, உள்ளலங்காரம் சிறிது மாறியது. அடிச்சட்டமும் எஞ்சினும் ஒன்றே. ஆயினும் வெளிவந்தபோது டெரானோவின் விலை டஸ்டரின் விலையைவிட அதிகம். அந்த அதிகப் பணத்தில் ஒரு பகுதி புதிய முகப்புக்கு, மீதி எதற்கு? பெயருக்குத்தான்.

காமிரா உலகிலும் இதே கதை உண்டு. ஜெர்மனியின் லைட்ஸ் கம்பெனி செய்த லைக்கா காமிராவின் பெயர் உலகப் பிரசித்தி பெற்றது. அந்தக் கம்பெனி 1973-ஆம் ஆண்டு லைக்கா சி.எல். என்ற சிறிய காமிராவை ஜப்பானிய மினோல்டா கம்பெனியைக் கொண்டு செய்வித்தது. வெளிநாடுகளில் அது லைக்கா. ஜப்பானில் அதே காமிராவுக்கு லைட்ஸ் மினோல்டா என்று பெயர். இதற்கு முன்பே, 1950-ல், கொரியா யுத்தத்தைப் படம்பிடிக்கச் சென்ற அமெரிக்கரான டேவிட் டக்ளஸ் டங்கன், தம் லைக்காவில் ஜப்பானிய நிக்கோர் லென்சைப் பொருத்திப் பார்த்தார். ஜப்பானியச் சரக்கு என்றால் மலிவானது என்று பலர் இகழ்ந்த காலம் அது. அவரோ பெயரைப் பார்க்கவில்லை, படத்தைப் பார்த்தார். அந்தப் படங்களின் தெளிவைக் கண்ட பிறகுதான் உலகம் அந்த லென்சை மதிக்கத் தொடங்கியது.

அப்படியானால் பெயர் வெறும் மாயைதானா? அப்படிச் சொல்வதும் அநியாயமே. நல்ல பெயர் என்பது ஒரு வாக்குறுதி. லைக்கா 1954-ல் எம்3 காமிராவுடன் அறிமுகப்படுத்திய லென்ஸ் பொருத்தும் முறை இன்றைய எம் காமிராக்களிலும் தொடர்கிறது. பாட்டன் வாங்கிய லென்சைப் பேரன் புதிய காமிராவில் மாட்டலாம். பழுது பார்க்க ஆள் உண்டு. விற்றால் விலை உண்டு. இவற்றுக்குக் கொடுக்கும் பணம் வீண்பணம் அல்ல. வாக்குறுதியைக் காக்கும் பெயருக்கு விலை உண்டு. அண்டை வீட்டான் நம்மை நிமிர்ந்து பார்க்கவேண்டும் என்று கொடுக்கும் பணமோ பொருளுக்கும் சேராது, வாக்குறுதிக்கும் சேராது. அது நம் பெருமைக்கு நாமே செலுத்தும் வரி. அந்த வரியைத் தவணையில் கட்டுகிறவன் பிள்ளைகளின் பால் காசிலிருந்து கட்டுகிறான்.

அர்ச்சியசிஷ்ட தோமாஸ் அக்குவினாஸ் வாணிபத்தைப் பற்றி எழுதுகையில், பொருளின் தகுதிக்கு மேற்பட்ட விலையை ஏமாற்றி வாங்குவது பாவம் என்றார். மறைந்துள்ள குறையால் வாங்குபவனுக்கு நஷ்டமோ ஆபத்தோ வரக்கூடுமானால் அதை விற்பவன் வெளியிட வேண்டும் என்றும் சொன்னார். விற்பவனுக்கு இந்த நீதி உண்டென்றால், வாங்குகிறவனுக்கும் ஒரு நீதி உண்டல்லவா? பொருளின் தகுதியை அறிய முயலாமல் பெயரைக் கண்டு மயங்குகிறவன், பொய் மதிப்பு வளரத் தானும் துணை போகிறான்.

இனி, வீட்டுக்குள் வருவோம். வண்டிக்கும் காமிராவுக்கும் மட்டுமா முத்திரை குத்துகிறோம்? மனிதருக்கும் குத்துகிறோம். ஒரே வரிசையில் நின்று, ஒரே ஆணியை முடுக்கும் இருவரில் ஒருவர் நிரந்தரம், மற்றவர் ஒப்பந்தம். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை வேறு, கூலி வேறு. வெளியார் செய்யும் இந்த அநீதியை நாம் கண்டிக்கிறோம். ஆனால் பெண் பார்க்கும்போது நாம் முதலில் கேட்பது என்ன? “பையன் எந்தக் கம்பெனி? பெர்மனென்டா?” பையன் குடிப்பவனா, பொறுமைசாலியா, தாயை மதிப்பவனா என்ற கேள்விகள் பின்னால் வருகின்றன, சில வீடுகளில் வருவதே இல்லை. மாப்பிள்ளை வீட்டாரும் கம்பெனியின் பெயரைச் சொல்லிச் சவரன் கணக்கை உயர்த்துகிறார்கள். 1961-ஆம் ஆண்டிலேயே வரதட்சணையைச் சட்டம் தடை செய்துவிட்டது. ஆயினும் பெயருக்கு விலை கேட்கும் வழக்கம் போகவில்லை. அந்தக் கம்பெனியோ ஒருநாள் மூடப்படலாம். ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் தொடங்கிய நோக்கியா தொழிற்சாலை 2014-ல் நின்றுபோனதை நம்மில் பலர் கண்ணாரக் கண்டோம். பெயர் போன பிறகு மிஞ்சியது என்ன? உழைக்கத் தெரிந்த கையும், குடும்பத்தைத் தாங்கும் குணமும் மட்டுமே.

ரேஞ்ச்ஃபைண்டர் காமிராவுக்குள் ஒரு நல்ல பாடம் இருக்கிறது. அதில் பார்க்கும்போது, இரண்டு ஜன்னல்கள் வழியாக வரும் இரண்டு உருவங்கள் விலகித் தெரியும். வளையத்தைத் திருப்பத் திருப்ப அவை நெருங்கிவரும். ஒன்றன்மேல் ஒன்று பொருந்திய பின்புதான் படம் தெளிவாக விழும். பொருளானாலும் மனிதரானாலும் பெயர் ஓர் உருவம், தகுதி மற்றோர் உருவம். இரண்டும் பொருந்துகின்றனவா என்று பொறுமையாகப் பாருங்கள். பொருந்தினால் விலையை மனமுவந்து கொடுங்கள். பொருந்தாவிட்டால் பையை மூடிக்கொண்டு வாருங்கள். மகனுக்கோ மகளுக்கோ வரன் தேடும் வீட்டில், இந்தச் சோதனையை இந்த வாரமே தொடங்குங்கள்.