குறையும் வனப்பும்: மரக்கிண்ணக் கடைசல் எழுப்பும் ஓர் அறவியல் வினா

ஒரு பொருளிலுள்ள குறையைக் குறையென்று கூறுவது எதனை அளவுகோலாகக் கொண்டு? அக்குறையே பின்னர் வனப்பெனப் போற்றப்படுமாயின், அதனை விளைவித்த ஊறும் நன்றென்று கொள்ளப்படல் வேண்டுமா? முதல் வினா அழகியலின்பாற்பட்டது, இரண்டாவது அறவியலின்பாற்பட்டது. இவ்விரண்டும் ஒன்றையொன்று தொடும் இடமாகக் கடைசற்பட்டறையில் உருவாகும் ஒருவகை மரக்கிண்ணம் அமைந்துள்ளது.

கிண்ணம் கடைவோர் பொதுவாக நாடுவது கணுவும் வெடிப்புமற்ற மரத்தையே. அதனைக் கடைசற்பொறியிற் பொருத்திச் சுழலவிட்டு, உளியினால் புறத்தையும் அகத்தையும் செதுக்கியெடுத்தால், வட்டம் பிசகாத விளிம்புடைய கிண்ணம் கிடைக்கும். இயற்கை விளிம்புக் கிண்ணம் இதற்கு மாறானது. மரத்தின் புறப்பரப்பே, பெரும்பாலும் பட்டையுடன், கிண்ணத்தின் வாயாக விடப்படுகின்றது. மரம் உருண்டையானதாகையால் அவ்விளிம்பு ஓரிடத்தில் உயர்ந்தும் மற்றோரிடத்தில் தாழ்ந்தும் அலைபோல அமையும். இவ்வகைக் கிண்ணங்களுக்குப் பெரிதும் விரும்பப்படுவது மரக்கழலையாகும். அடிமரத்திலோ கிளையிலோ புடைத்தெழும் இப்பகுதி, பல மரங்களிற் காயம், பூஞ்சணம், பூச்சி என்பவற்றின் தாக்கத்தையொட்டித் தோன்றுவது. அதன் உள்ளே இழைகள் ஒரு திசையில் ஓடாது சுழன்றும் பின்னியும் கிடக்கும். விரியாத அரும்புகள் சிறு கண்களாகப் புள்ளியிட்டிருக்கும். இடையிடையே பட்டையும் உட்புதைந்திருக்கும்.

பலகை அறுப்பவனுக்கு இக்கழலை ஒரு குறையாகும். இழை நேராக ஓடாத பலகை உத்தரத்திற்கு உதவாது. விறகு பிளப்பவனுக்கும் அது தொல்லையே. கோடரி அதில் இறங்காது. ஆனால், கிண்ணம் கடைபவனுக்கு இழை பின்னிக்கிடப்பதே வேண்டற்பாலதாகின்றது. எளிதிற் பிளவுபடாத உறுதியும், வேறெம்மரத்திலும் காணவியலாத வரியோட்டமும் அதனாலேயே கிடைக்கின்றன. ஈண்டு மரம் மாறவில்லை, பயனே மாறியது. ஆகவே, குறை என்பது பொருளிலேயே உறையும் பண்பன்று; பொருளுக்கும் ஒரு நோக்கத்திற்கும் இடையிலுள்ள உறவு என்பது பெறப்படும். அவ்வாறாயின், அந்நோக்கம் யாருடையது என்பதே அடுத்து எழும் வினாவாகும்.

மூலப்பொருள் வேறு, வடிவம் வேறு என்பது அரிஸ்டோட்டில் வகுத்த பாகுபாடு. கைவினைஞன் தன் மனத்திலுள்ள வடிவத்தைப் பொருளின்மேற் பதிக்கின்றான். பொருள் அதனை ஏற்றுக்கொள்கின்றது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவிற் சிறந்து விளங்கிய ஜேம்ஸ் பிரெஸ்டினியின் கிண்ணங்கள் இக்கருத்துக்கு நன்கு பொருந்துவன. மெல்லிய சுவரும் பிசகாத விளிம்பும் உடைய அவற்றில் வடிவமே ஆட்சி செய்கின்றது. கென்டக்கி மாநிலத்துப் பெரியா கல்லூரியில் 1937ஆம் ஆண்டு முதல் கைத்தொழில் கற்பித்த ரூட் ஒசொல்னிக் வேறொரு வழியிற் சென்றார். பிறர் வேண்டாவென ஒதுக்கிய மரத்தை அவர் விரும்பி எடுத்தார். இயற்கை விளிம்பை அழித்துச் சமப்படுத்தாது விட்டார். அவருடைய கிண்ணத்தில் வடிவத்தின் ஒரு பாதியை மரமே கொண்டுவருகின்றது. மறுபாதியையே மனிதன் தருகின்றான்.

எனினும், மரம் தருவதை ஏற்றுக்கொள்ளுதல் வாளா இருத்தலன்று. விளிம்பு சமமற்றதாதலால், சுழற்சியின்போது உளி ஒரு கணம் மரத்தையும் மறுகணம் வெற்றுவெளியையும் சந்திக்கின்றது. சுழலும் விளிம்பு கண்ணுக்கு மங்கிய நிழலாகவே தெரியும். கை சற்றே தவறினும் விரல் ஊறுபடும். சாறு ஓடும் இளவேனிற் காலத்தில் வெட்டிய மரத்தின் பட்டை எளிதிற் கழன்றுவிடுமாதலால், குளிர்காலத்தில் வெட்டிய மரத்தைத் தேடவேண்டும். ஈரமரத்திற் கடைந்த கிண்ணம் உலரும்போது கோணிக்கொள்ளும். அதற்கும் இடம்விட்டே கடைதல் வேண்டும். இவ்வளவு உழைப்பும் பொறுமையும் சேர்ந்த பின்னரே கழலை கிண்ணமாகின்றது. காட்டிலே கவனிப்பாரற்று வீழ்ந்த கழலை உக்கிப்போகும். ஆகவே, காயம் வனப்பைத் தந்தது என்பது அரைகுறை உண்மை. காயம் தந்தது ஒரு வாய்ப்பினை மட்டுமே. வனப்பைத் தந்தது உழைப்பாகும்.

இவ்வேறுபாடு மனித வாழ்விற்கும் பொருந்தும். துன்பம் மனிதனைப் பக்குவப்படுத்தும் என்று கூறுவோர் பலர். வறுமையிற் பிறந்து கற்றுயர்ந்த ஒருவனைச் சுட்டி, வறுமையே அவனை உருவாக்கியது என்பர். துன்புற்றவன் தானே அவ்வாறு கூறுவானாயின், அது அவன் தன் வாழ்வைக் கடைந்தெடுத்த உழைப்பின் சொல்லாகும். அத்துன்பத்தால் நன்மை பெற்றவனோ, அதனைத் தடுக்கக்கூடியவனாயிருந்தும் வாளாவிருந்தவனோ கூறுவானாயின், அது சாக்குப்போக்கேயன்றி வேறன்று. ஒருவனுடைய எழுச்சியை வியப்பது அவனுக்கு இழைக்கப்பட்ட தீங்கை நியாயப்படுத்துவதாகாது. எழாது வீழ்ந்தோர் எத்தனைபேர் என்ற கணக்கும் அவ்வியப்பில் மறைந்துவிடுகின்றது.

குறையைப் போற்றுதல் எவ்வாறு புதிய ஊறாக மாறும் என்பதற்குக் கலிபோர்னியாவின் செம்மரக் காடுகள் சான்று பகரும். அங்குள்ள கடலோரச் செம்மரங்கள் 100 மீற்றருக்கும் மேலாக உயர்வன; இரண்டாயிரம் ஆண்டளவு வாழ்ந்தனவும் உள. அவற்றின் அடியிலுள்ள கழலை நோயன்று. அது உறங்கும் அரும்புகளின் களஞ்சியம். தீயினாலோ கோடரியினாலோ தாய்மரம் வீழுமாயின், அவ்வரும்புகளிலிருந்தே புதிய தளிர்கள் கிளம்பும். பலகை அறுப்பவனின் நோக்கிற் குறையாகவும் கிண்ணம் கடைபவனின் நோக்கில் வனப்பாகவும் தோன்றியது, மரத்தின் நோக்கில் அதன் மறுவாழ்வாகும். கழலைக்குச் சந்தையில் விலையேறியதும், உயிரோடு நின்ற மரங்களின் அடியை இரவிற் சங்கிலிவாளால் அறுத்தெடுப்போர் தோன்றினர். வெட்டுண்ட இடம் பூச்சிக்கும் நோய்க்கும் வாயிலாயிற்று. இத்திருட்டைத் தடுப்பதற்காக 2014ஆம் ஆண்டில் அத்தேசிய பூங்காவின் பாதையொன்று இரவுவேளைகளில் மூடப்பட்டது. ஒதுக்கப்பட்டதை ஏற்றுக்கொள்ளும் பண்பாகத் தொடங்கிய சுவை, சந்தைப் பண்டமானதும் ஊறு தேடும் வேட்கையாகத் திரிந்தது.

இங்கு ஓர் ஆட்சேபம் எழலாம். புயலில் வீழ்ந்த மரத்திற் கடைந்த கிண்ணமும் களவாடிய கழலையிற் கடைந்த கிண்ணமும் அருகருகே வைக்கப்படின், கண்ணுக்கு யாதொரு வேறுபாடும் தோன்றாது. வனப்பு இரண்டிலும் ஒன்றே. ஆகவே, கலைப்பொருளை அதன் தோற்றத்தைக் கொண்டே மதிப்பிடுதல் முறையன்றோ? வனப்பு ஒன்றே என்பது உண்மை. ஆனால், அவ்வுண்மை காட்டுவது வேறொன்றை. எது அழகியது என்பதைக் கண் கூறும்; அது எவ்வாறு வந்தது என்பதைக் கண் கூறாது. ஒருபொருளின் அழகு அதன் பிறப்பிற்குச் சான்றாக மாட்டாது.

ஆகவே, ஏற்பட்டுவிட்ட ஊறிலிருந்து நன்மையை எடுத்தல் அறத்தோடு பட்டது. நன்மையை வேண்டி ஊறு செய்தலோ, பிறர் செய்த ஊறை நன்றெனக் கூறுதலோ அறத்தோடு படாதது. வீழ்ந்த மரத்தையும் பிறர் எறிந்த கட்டையையும் எடுத்துக் கடைபவன் முதல்வகையினன். நிற்கும் மரத்தின் அடியில் வாளை வைப்பவன் மற்றவன். அவனிடம் விலைகொடுத்து வாங்குபவனும் அப்பழியிலிருந்து முற்றாக நீங்கியவனல்லன். கிண்ணத்தின் விளிம்பை வியந்து தடவிப் பார்ப்பவன் அதனோடு அமைந்துவிடாது, அம்மரம் எவ்வாறு வீழ்ந்தது என்றும் வினவுதல் கடனாகும்.