மை யாருக்கு, வெள்ளைத்தாள் யாருக்கு?

ஓவியத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் கோடு எப்படி, வண்ணம் எப்படி, எந்த பாணி, யாருடைய பாதிப்பு என்றெல்லாம் பேசுகிறார்கள். வரையப்பட்டவருக்கு வரைந்தவர் என்ன கடன்பட்டிருக்கிறார் என்ற கேள்வியை மட்டும் யாரும் எடுப்பதில்லை. அது கலை சம்பந்தப்பட்டதில்லையாம். நம்மைப் பொறுத்தவரை அதுதான் முதல் கேள்வி. ஏனென்றால் இந்த ஊரில் ரொம்ப காலமாக நாம் வரையப்பட்டவர்கள். வரைகிற கை வேறு யாருடையதோ.

பத்திரிகைப் படங்களை எடுத்துக்கொள்வோம். 1950 முதல் 1954 வரை கல்கியில் பொன்னியின் செல்வன் தொடராக வந்தபோது மணியம் போட்ட முகங்கள்தான் இன்றைக்கும் பலருக்குச் சோழ ராஜகுடும்பத்தின் முகங்கள். 1963இல் ஆனந்த விகடனில் சாவியின் வாஷிங்டனில் திருமணம் வந்தபோது கோபுலு வரைந்த மாமாக்களும் மாமிகளும் தமிழ்நாட்டையே சிரிக்க வைத்தார்கள். பஞ்சகச்சத்தின் மடிப்பும் மடிசாரின் வளைவும் அந்தக் கையில் உயிரோடு நின்றன. அந்தத் திறமையைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. மயிலாப்பூர் மாட வீதிக்குத் தன்னைப் படத்தில் பார்த்துத் தானே சிரிக்கிற பாக்கியம் கிடைத்தது. அதே மயிலாப்பூரில் பக்கிங்காம் கால்வாய் ஓரம் குடிசை போட்டிருந்த சனத்துக்கு அந்தப் பாக்கியம் கிடைத்ததா?

அந்தக் காலத்தில் பக்கத்துக்குப் பக்கம் கருப்பு மைதான். மை படாத இடம் தாளின் வெள்ளை. கதாநாயகியின் கன்னத்தில் ஓவியர் ஒன்றும் செய்வதில்லை, தாளை அப்படியே விட்டுவிடுவார். வண்டிக்காரன், கூலிக்காரன், ரௌடி, வீட்டு வேலைக்காரி என்று வந்தால் கன்னத்தில் கோடு விழும், மை ஏறும். வெயில் காய்கிற இந்த நாட்டில் கருப்பு ஒன்றும் அபூர்வமில்லை. நாயகிக்கும் அதே வெயில்தான். ஆனால் படத்தில் கருப்பு என்பது நிறம் இல்லை, ஒரு குறிப்பு. இவன் யார், இவனை எங்கே நிறுத்தணும் என்று வாசகன் காதில் ஓதுகிற குறிப்பு. சாதிப் பெயர் எழுதாமலே சாதியை எழுதிவிடுகிற சாமர்த்தியம்.

ஓவியர் பாவம், வாராவாரம் அவசரத்தில் போடுகிறார், ஆசிரியர் கேட்பதைத்தானே கொடுக்க முடியும் என்பார்கள். உண்மைதான். ஆனால் ‘ஊர் வழக்கம், நான் என்ன பண்றது’ என்று சொல்லித்தான் டீக்கடையில் ரெண்டு கிளாஸ் வைத்தார்கள். வழக்கத்துக்கும் ஒரு கை வேண்டியிருக்கிறது. கிளாஸ் வைத்த கைக்கும் பொறுப்பு உண்டு, கோடு போட்ட கைக்கும் உண்டு.

சரி, உழைக்கிறவனைப் பெரிதாக, அழகாகக் காட்டிவிட்டால் கடன் தீர்ந்துவிடுமா? மெரினாவில் உழைப்பாளர் சிலை நிற்கிறது. 1929இலேயே சென்னைக் கலைப்பள்ளியின் முதல் இந்திய முதல்வரான தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959இல் திறக்கப்பட்டது. நாலு பேர் ஒரு பாறையைப் புரட்டுகிறார்கள். முதுகு, புஜம், தொடை, நரம்பு எல்லாம் பேசுகின்றன. கலைப்பள்ளியின் காவலாளி ஒருவர் அதற்கு மாதிரியாக நின்றார் என்று சொல்வது வழக்கம். சிற்பியின் பெயர் பாடப்புத்தகம் வரைக்கும் வந்தது. மணிக்கணக்கில் மூச்சடக்கி நின்ற உடம்புக்காரன் பெயரை எத்தனை பேர் கேட்டோம்? 1923இல் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடிய கடற்கரையும் இதுதான். அவர் உழைப்பாளிக்கு உரிமை கேட்டார். சிலை உழைப்புக்கு அழகு கொடுத்தது. ரெண்டும் ஒன்றில்லை. பாரம் தூக்குகிறவன் அழகு, தூக்கும்வரைக்கும்தான். கல்லை இறக்கிவைத்து, சட்டை போட்டு, நாற்காலியில் உட்கார்ந்தால் அந்த ரசிகர்கள் முகம் ஏன் சுளிக்கிறது?

அப்படியானால் மையே கூடாதா? அதுவும் இல்லை. கீரம்பூரில் 1938இல் பிறந்து, சென்னைக்கு வந்து படித்து, 2008இல் மறைந்த ஆதிமூலமும் கருப்பு மையில்தான் வரைந்தார். கி. ராஜநாராயணனின் கரிசல் காட்டுக் கடுதாசிக்கு அவர் போட்ட மனிதர்கள் கதைக்கு ஒட்டுப்போட்ட பொம்மைகள் இல்லை. அங்கே கோடு ஒரு ஆளை அடையாளம் குறித்துத் தள்ளி வைக்கவில்லை, கிட்டப் போய் முகத்தைப் படித்தது. நாக்பூரில் பிறந்த தலித் ஓவியர் சவி சாவர்கர், கழுத்தில் கலயமும் இடுப்பில் துடைப்பமும் கட்டப்பட்ட மனிதனை வரைந்தார். பார்க்கச் சகிக்காத படம். ஆனால் அதில் கூசிப்போக வேண்டியவன் கட்டியவன், கட்டப்பட்டவன் இல்லை. ஆக அழகாக வரைவதா கோரமாக வரைவதா என்பதில்லை பிரச்னை. யார் பக்கம் நின்று வரைகிறோம் என்பதுதான்.

இந்தக் கேள்வி நம்ம வாசலுக்கும் வரும். நம் சேரிச் சுவர்களில் அம்பேத்கர் எழுந்தது எந்தக் கலைக்கல்லூரி தயவிலும் இல்லை. போர்டு எழுதுகிற தம்பி ஏணி போட்டு ஏறி, நீலக் கோட்டு, கண்ணாடி, கையில் புத்தகம் என்று தீட்டினான். பாறை புரட்டாத, கும்பிடாத, நிமிர்ந்து பார்க்கிற ஒரு உடம்பை நமக்கு முதலில் காட்டியது அந்தச் சுவர். ஆனா ‘அண்ணல் மூஞ்சிய நல்லா செவப்பா போடுப்பா’ன்னு கீழே நின்னு சொல்றதும் நம்ம சனந்தான். பத்திரிகைக்காரன் வெள்ளையாக விட்ட கன்னம் நம் கண்ணுக்குள்ளும் புகுந்துவிட்டது. கோட்டு நம்முடையது. அந்தச் சிவப்பு யாருடையது?

கால்வாய், ஆற்று ஓரச் சேரிகள் பலவற்றை இடித்து, சனங்களைக் கண்ணகி நகருக்கு அனுப்பினார்கள். அந்தச் சுவர்களோடு படங்களும் மண்ணாயின. 2020 தொடக்கத்தில் அதே கண்ணகி நகரின் அடுக்குமாடிச் சுவர்களில் உள்நாட்டு, வெளிநாட்டு ஓவியர்கள் வந்து பெரிய பெரிய ஓவியங்கள் தீட்டினார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. அங்குள்ள பிள்ளைகளுக்குச் சந்தோஷம், அதைக் கெடுக்க வேண்டியதில்லை. ஆனால் இடித்த சுவருக்கு வரைந்த சுவர் ஈடாகுமா? வேலைக்கும் பள்ளிக்கும் மயிலாப்பூர், அடையாறு என்று பஸ் பிடித்து ஓடுகிறவளுக்குச் சுவரில் இருக்கும் பூ பதில் சொல்லுமா?

வரைகிறவர்களிடம் நாம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. படத்தை முடித்ததும் வரையப்பட்டவரைக் கூப்பிட்டு அதன் முன்னால் நிறுத்துங்கள். அவர், ‘இது நாந்தான்’ என்று தலை நிமிர்ந்து சொல்கிறாரா பாருங்கள். சொல்லவில்லையென்றால் படம் இன்னும் முடியவில்லை. அதற்கும் காத்திருக்காமல் நம் பிள்ளைகள் கையில் மையைக் கொடுப்போம். எங்கே மை, எங்கே வெள்ளை என்று அவர்கள் தீர்மானிக்கட்டும்.