வெளுக்காத பணம்

அழுக்கேறிய பணத்தை வெளுத்துக் காட்டுவது குற்றம் என்கிறது, 2002-ஆம் ஆண்டின் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டம். எது அழுக்கு என்பதை அதன் அட்டவணையே தீர்மானிக்கும். அட்டவணையில் இல்லாத குற்றத்தால் வந்த பணம், அச்சட்டத்தின் பார்வையில் கறையற்றதே.

அரியலூர் மாவட்டத்தின் தென்னெல்லையில் கொள்ளிடம் ஓடுகிறது. 2023 செப்டம்பரில் தமிழகத்து ஆற்றுமணல் ஒப்பந்தக்காரர்களின் இடங்களைச் சோதனையிட்ட அமலாக்கத் துறை, நவம்பரில் அரியலூர் உள்ளிட்ட ஐந்து மாவட்ட ஆட்சியர்களுக்கு அழைப்பாணை விடுத்தது. அள்ளிய மணலின் மதிப்பு 4,730 கோடி ரூபாய். அரசுக்குச் சேர்ந்ததோ 36.45 கோடி என்பது அத்துறையின் கணக்கு. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், சட்டவிரோதமாகக் கனிமம் எடுத்தல் அட்டவணைக் குற்றம் அன்று எனக் கூறி, ஒப்பந்தக்காரர் மீதான நடவடிக்கைகளை ரத்துச் செய்தது.

சட்டத்தை அதன் சொற்களுக்கு அப்பால் இழுக்க மறுத்தது முறையே. இன்று மணற்காரனுக்காக வளையும் சட்டம், நாளை எளியவன் கழுத்துக்கும் வளையுமன்றோ! ஆயினும் அந்த அட்டவணை விந்தையானது. ஆற்றுமணலை அள்ளுவதைத் திருட்டாகவும் வழக்காடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் கூறியிருந்தது. திருட்டுப் பொருளை வாங்கியவனுக்கு அட்டவணையில் இடமுண்டு. வெறும் திருடனுக்கு இல்லை.

சட்டம் நின்றுவிடும் இடத்தில் அறம் வேறொரு கேள்வி கேட்கிறது: பொருளுக்கு உரியவர் யார்? அபகரித்த பொருளில் ஆயிரம் பேருக்கு அன்னமிட்டாலும், உரியவரிடம் அது சேரும்வரை பொறுப்பு நீங்காது என்பது நம்மில் பாமரரும் அறிந்த ஹலால்-ஹராம் பாடம். மணலுக்கு உரியது அரசு என்பது காகிதம் தரும் விடை. ஆற்றோரத்துக் கிணற்றை நம்பிப் பயிரிடுபவன் உரியவன் அல்லனா? இன்னும் பிறவாத அவன் பேரன்? வழக்கில் இவர்கள் வாதியும் அல்லர், சாட்சியும் அல்லர். பெரம்பலூர்க் கற்குவாரிகளுக்கும் இவ்வினா பொருந்தும். உடைத்த குன்று மீண்டும் வளர்வதில்லை.

தண்டமாக விதிக்கும் ரூபாயைக் கருவூலத்தில் செலுத்திவிடலாம். மணலை எங்கிருந்து கொண்டுவந்து செலுத்துவது? மேலே மேட்டூர் அணை 1934 முதல் மணலையும் வண்டலையும் தேக்கி வைத்திருக்கிறது. கீழே வெட்டிய பள்ளங்களை நிரப்பக் காவிரி முன்போல் மணல் கொணர்வதில்லை.