குற்றவாளிக் கூண்டில் நாய்!

விருத்தாசலத்துச் சூளையிலே பீங்கான் நாய் ஒன்று வெந்து வெளிவருகிறதென்று வைத்துக்கொள்வோம். அது குரைக்காது, கடிக்காது, வைத்த இடத்தில் வைத்தபடி நிற்கும். அலமாரிக்கு ஏற்ற நாய்! உயிருள்ள நாயிடமும் அதே அடக்கத்தை எதிர்பார்த்து, அது கிடைக்காதபோது கல்லெடுக்கிறானே மனிதன், அவன் அறிவை என்னென்பது! ஈரம் உலராத மண்ணைச் சூளையிலிட்டுவிட்டு, வெடித்ததும் மண்ணைத் திட்டுபவனைக் கண்டால், அந்நகரத் தொழிலாளர் நகைக்கமாட்டார்களா? மண்ணுக்கு ஓர் இயல்பு உண்டு, நாய்க்கும் உண்டு.

தோழர்களே! நாயின்மீது நாம் சாட்டும் குற்றங்களை விசாரிப்போம்.

முதற்குற்றம்: நள்ளிரவில் ஊளையிட்டது, ஆகவே எமனைக் கண்டது! ஓநாய் வழிவந்த உயிர் அது. தொலைவிலுள்ள தன் இனத்தை அழைக்கிறது, அதன் அழைப்புக்கு விடை தருகிறது. ஊளை கேட்டும் ஒருவரும் சாகாத இரவுகள் எத்தனை! அவற்றை எவரும் எண்ணுவதில்லை. சாவு நேர்ந்த ஓர் இரவை மட்டும் ஊர் நினைவில் வைத்துக்கொள்கிறது. மூடநம்பிக்கை வேர்விடும் முறை இதுவன்றோ!

இரண்டாவது குற்றம்: உறுமியது. உறுமல் பகையன்று, எச்சரிக்கை. "விலகிப் போ" என்பதை நாய் வேறெப்படிச் சொல்லும்? உறுமியதற்காக அடித்து அடித்து அதன் வாயை அடைத்தால், அடுத்தமுறை எச்சரிக்கையின்றியே பல் பதியும். குரைக்கிற நாய் கடிக்காது என்ற பழமொழியை நம்பிக் கைநீட்டுவதும் பேதைமை. குரைத்த நாயும் கடிக்கும். வாலாட்டுவதெல்லாம் நட்புமன்று, விறைத்து நிமிர்ந்து ஆடும் வால், கொதிப்பின் அறிகுறியாகவும் இருக்கலாம். உண்ணும் நாயை, உறங்கும் நாயை, குட்டி ஈன்ற நாயை நெருங்காதே என்று குழந்தைக்குக் கற்பித்தோமா?

மூன்றாவது குற்றம்: செருப்பைக் கடித்தது, பிறகு, "செய்த குற்றம் உணர்ந்து" தலைகுனிந்தது! நியூயார்க்கு ஆய்வாளர் அலெக்சாண்டிரா ஹோரோவிட்ஸ், 14 நாய்களை வைத்து நடத்திய ஆய்வை 2009இல் வெளியிட்டார். தின்னாதே என்று தடுத்த பண்டத்தைத் தின்ற நாய் மட்டுமல்ல, தின்னாத நாயும், உடையவர் அதட்டியதும் அவ்வாறே குனிந்தது. குனிந்தது குற்றத்தால் அன்று, அதட்டலால்! அச்சத்தைக் குற்றமென்று படிப்பது ஆண்டான்களின் பழைய கண்நோய். கைகட்டி நின்றவனைப் பார்த்து, "ஒப்புக்கொண்டான்" என்று தீர்ப்பெழுதிய பண்ணை நீதியை நாம் அறியாதவர்களா?

"நாய்க்குப் பரிந்து பேசுகிறீர்; கடிபட்ட குழந்தைக்காகப் பேசுவது யார்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வெறிநாய்க்கடி நோய் முற்றி வெளிப்பட்டபின் பிழைப்பது அரிதினும் அரிது. மந்திரமும் பச்சிலையும் அங்கே உதவா. 1885இல் பாரிசில் பாஸ்டர், கடிபட்ட ஒன்பது வயதுச் சிறுவனுக்கு ஊசிபோடச் செய்து வழிகாட்டினார். 1907இல் நம் குன்னூரிலேயே பாஸ்டர் நிலையம் எழுந்தது. கடிபட்டால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். தெருநாய்க்குத் தடுப்பூசியும் கருத்தடையும் வேண்டும். அது கூடிப் பெருகக் காரணமான குப்பைமேடு அகலவேண்டும்.

பைரவர் வாகனமென்று கும்பிடுபவனும், சனியனென்று கல்லெறிபவனும் நாயைப் பார்ப்பதேயில்லை; தங்கள் கற்பனையையே பார்க்கிறார்கள். பழக்கலாம் நாயை, பொறுமையோடு பயிற்சி தரலாம். நன்றிக்கு இலக்கணமாகவோ, ஒழுக்கத்துக்கு உருவமாகவோ அதை ஆக்கவேண்டா. நாய் நாயாக இருப்பது குற்றமன்று. கூட வாழும் இருவரில், விளைவை முன்கூட்டி ஆராய வல்லவன் மனிதன். ஆகவே பொறுப்பும் அவனுடையதே!