மண்வெட்டியைக் கீழே வைத்தவர்

அன்னம்மாளின் பெயர் நான்கு நற்செய்திகளில் எதிலும் இல்லை. மரியாளின் தாய் என்று அவரைத் திருச்சபை அறிந்தது, 2ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ‘யாக்கோபின் முதல் நற்செய்தி’ என்னும் நூலின் வழியாக. விவிலியத் தொகுப்பில் இடம்பெறாத அந்த நூலில் ஒரு தோட்டம் வருகிறது. பிள்ளையில்லாத துயரத்தோடு ஒரு பிற்பகலில் அன்னம்மாள் தோட்டத்துக்குள் இறங்கி நடக்கிறார். ஒரு லாரல் மரத்தடியில் உட்கார்ந்து மன்றாடுகிறார். நிமிர்ந்து பார்த்தால் கிளையில் குருவிக்கூடு. பறவைக்குக் குஞ்சு உண்டு, மண்ணுக்கும் பருவத்தில் விளைச்சல் உண்டு, தனக்கு மட்டும் இல்லையே என்று அழுகிறார். வானதூதர் அவருக்குச் சேதி கொண்டுவருவது அந்தத் தோட்டத்துக்குத்தான்.

இலங்கையில் அன்னம்மாளின் திருத்தலமான தலவிலயின் கதையும் மரத்தடியில்தான் தொடங்குகிறது. கொழும்பை நோக்கி நடந்து வந்த ஏழைப் போர்த்துக்கேயர் ஒருவர் களைத்துப்போய் ஒரு மரத்தின் கீழ் உறங்கினார், கனவில் கண்ட புனிதையின் சுரூபத்தை விழித்தபோது எதிரே கண்டார் என்பது ஒரு மரபு. கப்பல் உடைந்து கரையேறிய வணிகர் ஆலமரத்தடியில் சுரூபத்தை வைத்து நேர்ந்துகொண்டார், தொழில் செழித்ததும் திரும்பிவந்து ஆலயம் கட்டினார் என்பது இன்னொன்று. சிலாபம் மறைமாவட்டத்தின் இந்தத் திருத்தலத்துக்கு மார்ச்சிலும் ஆகஸ்டிலும் லட்சக்கணக்கில் மக்கள் வருகிறார்கள். தமிழர், சிங்களவர், கத்தோலிக்கர், பௌத்தர், இந்துக்கள் என்று எல்லாரும் மரநிழல்களில் கூடாரம் அடித்து, சமைத்து, பிள்ளைவரம் கேட்டு, கேட்டது கிடைத்ததற்கு நன்றி சொல்லித் திரும்புகிறார்கள்.

திருவிழா முடிந்த பின்பு இந்தப் பக்கம் வருபவர் வேறொரு தலவிலயைப் பார்ப்பார். மேற்கே கடல், கிழக்கே புத்தளம் களப்பு, நடுவே கற்பிட்டிக் குடாநாட்டின் மணல். அந்த மணலில் சின்ன வெங்காயம், மிளகாய், பீற்றூட், புகையிலை எல்லாம் விளைகின்றன. இடையிடையே தென்னந்தோட்டங்கள். கரையோரத்தில் சுற்றுலா விடுதிகள் பெருகியதால் புல்தரையும் பூச்செடியும் பராமரிக்கும் வேலையும் சேர்ந்திருக்கிறது. எங்கே பார்த்தாலும் குனிந்து வேலை செய்யும் சிலர் இருப்பார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நிற்கும் ஒருவரும் இருப்பார். அவர் கையில் மண்வெட்டி இருக்காது. எத்தனை மூடை யூரியா போடுவது, எத்தனை மணிக்குத் தண்ணீரைத் திறப்பது, யார் மருந்தடிப்பது, யார் நிழலில் இருப்பது என்று சொல்பவர் அவர். நிலம் அவருடையது அல்ல. வியர்வையும் பெரும்பாலும் அவருடையது அல்ல. ஆனால் அந்த மண்ணுக்கு நாளை என்ன ஆகும் என்பது அவருடைய வாயிலிருந்து வருகிறது.

அவர் செய்வது வேலைதானா? பக்தியின் மொழியில் கேட்டால், அவர் செய்வது தொண்டாகுமா?

இலங்கையில் இந்த மனிதரை உருவாக்குவதற்கு ஒரு முறை இருக்கிறது. தேசிய தொழிற் தகைமைச் சட்டகம் 7 நிலைகளைக் கொண்டது. 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு அதை நடத்துகிறது. முதல் 4 நிலைகளும் சான்றிதழ்கள். 4ஆம் நிலையை எட்டியவர் முழுமையான கைத்திறன் பெற்றவர், பிறர் சொல்லாமலே தன் வேலையைச் செய்யக்கூடியவர். 5ஆம், 6ஆம் நிலைகள் டிப்ளோமா, 7ஆவது பட்டம். பள்ளிக்கூடம் பக்கமே போகாமல் இருபது வருடம் மண்ணில் கிடந்தவரும், முன்கற்றலை அங்கீகரிக்கும் வழியில், தன் கைக்குத் தெரிந்ததை மதிப்பீட்டாளர் முன் செய்துகாட்டிச் சான்றிதழ் பெறலாம். இந்த ஏற்பாட்டின் அழகான பகுதி இதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது.

4ஆம் நிலைவரை கேள்வி ஒன்றே: இந்தக் கைக்கு இது தெரியுமா? பதியன் போடத் தெரியுமா, ஒட்டுக்கட்டத் தெரியுமா, கவாத்து செய்யத் தெரியுமா? அதற்கு மேலே ஏறியவரிடம் கேட்கப்படுவது வேலைத்திட்டம், ஆட்களைப் பிரித்து அனுப்புவது, மருந்தின் பாதுகாப்பு, இருப்புக் கணக்கு, செலவு. ஏணியின் அடுத்த படி போலத்தான் தோன்றுகிறது. உண்மையில் அந்த இடத்தில் ஏணியே மாறிவிடுகிறது. நேற்றுவரை தன் கையின் பிழைக்கு மட்டும் பொறுப்பாயிருந்தவர், இன்று மற்றவர்களின் கைகளுக்கும் அந்தக் கைகளால் மண்ணுக்கு ஆவதற்கும் பதில் சொல்ல வேண்டியவராகிறார். இதை எந்தப் பாடவேளையில் வைப்பது? சமயங்கள் இந்தக் கேள்வியோடு நெடுங்காலம் மல்லுக்கட்டியிருக்கின்றன.

தமிழ் பக்தி மரபு தோட்டக்காரர்களால் ஆனது என்றே சொல்லலாம். பெரியாழ்வார் ஸ்ரீவில்லிபுத்தூரில் நந்தவனம் வைத்தார். ஆண்டாள் கிடைத்தது அதன் துளசிச் செடியடியில். தொண்டரடிப்பொடியாழ்வார் திருவரங்கத்தில் பூந்தோட்டம் வளர்த்து மாலை கட்டினார். சோழர் காலக் கல்வெட்டுகள் நந்தவனங்களுக்கும் அவற்றைப் பேணுபவர்களின் பிழைப்புக்கும் நிலம் விட்டதைச் சொல்கின்றன. இவர்களில் அனந்தாழ்வானின் கதை நம் மேற்பார்வையாளருக்கு மிகவும் நெருக்கமானது. திருமலையின் குளிரிலும் காட்டிலும் போய்ப் பூத்தொண்டு செய்ய யார் தயார் என்று இராமானுசர் கேட்டபோது எழுந்து நின்றவர் அவர். மலைமேல் நந்தவனம் அமைத்து அதற்கொரு குளம் வெட்டத் தொடங்கினார். அவர் வெட்ட, சூல்கொண்ட மனைவி கூடையில் மண் சுமந்தார். ஒரு சிறுவன் வந்து நான் சுமக்கிறேன் என்றான். அனந்தாழ்வான் மறுத்துவிட்டார், இந்தத் தொண்டில் பங்குக்கு ஆள் வேண்டாம். சிறுவன் அவர் கண்ணுக்குத் தெரியாமல் அந்த அம்மாளின் கூடையை வாங்கிச் சுமந்தான். கண்டுபிடித்த அனந்தாழ்வான் கடப்பாரையை எறிந்தார். அது சிறுவனின் முகவாயில் பட்டது. ஓடியவனைத் தேடிப் போனால், கருவறையில் பெருமாளின் முகவாயில் இரத்தம். அங்கே பச்சைக் கற்பூரம் வைக்கும் வழக்கத்தின் காரணம் இது என்று மரபு சொல்கிறது. அந்தக் கடப்பாரை இன்றும் திருமலைக் கோயிலின் பெருவாயிலில் தொங்குகிறது.

இதைக் கேட்பவர்கள் பெருமாளின் எளிமையில் உருகுகிறார்கள், அது சரிதான். ஆனால் தோட்டத்தில் ஆட்களை வைத்து வேலை வாங்குபவர் ஒருவர் இதைக் கேட்டால், அவர் கண் கூடையில் நிற்கும். அடியவர் ஒருவரைப் பற்றி இப்படிச் சொல்லத் துணிவு வேண்டும். என்றாலும் சொல்லவேண்டியிருக்கிறது: தன் கையால் செய்வதே தொண்டு என்று நம்பிய அனந்தாழ்வான், அதே வேலையில் வயிற்றுப்பிள்ளையோடு மண் சுமந்தவரின் களைப்பைக் காணவில்லை. அந்தக் களைப்பைக் கண்டது சிறுவன். வேலை தீரவேண்டும் என்று பார்த்தது ஒரு கண். சுமப்பவர் யார், எந்த நிலையில் சுமக்கிறார் என்று பார்த்தது இன்னொரு கண். கதையில் தெய்வம் இரண்டாவது கண்ணின் பக்கம் நின்றது.

முதல் கண் மட்டும் கொண்ட மேற்பார்வைக்கு நம்மவர்கள் கொடுத்த விலை பெரியது. ‘கண்காணி’ பழைய கல்வெட்டுச் சொல், கோயில் காரியங்களைப் பார்த்துக்கொண்டவரின் பெயர். அது கங்காணியாகி இலங்கையின் மலைநாட்டுக்குப் போனது. கோப்பித் தோட்டங்களுக்கும் பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழகக் கிராமங்களிலிருந்து ஆள்கட்டியவர் கங்காணி. முன்பணம் கொடுத்தவரும் கடன் எழுதியவரும் அவரே. வேலைக்கு வந்த தலைகளை எண்ணி அவருக்குத் தலைக்காசு கிடைத்தது. தொழிலாளி இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், அவர் கடனைப் புதிய தோட்டம் ஏற்றுக்கொள்ள வேண்டும். அந்தக் கடன் எழுதிய சீட்டுக்குத் ‘துண்டு’ என்று பெயர். 1921இல்தான் துண்டு முறையை ஒழித்தார்கள். கங்காணிகளில் நல்லவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் தலையை எண்ணுவதற்கு மட்டும் கூலி கொடுத்த ஏற்பாட்டில் நல்லவர் ஒருவர் எவ்வளவு நேரம் நல்லவராக இருக்க முடியும்?

எண்ணாமல் தோட்டம் நடத்த முடியாது. எதை எண்ணுவது என்பதில்தான் சிக்கல். லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் உவமை ஒன்றில், திராட்சைத் தோட்டத்தில் நட்ட அத்திமரம் காய்க்கவில்லை. உடைமையாளர் மூன்று வருடங்களை எண்ணியிருக்கிறார், வெட்டிவிடு என்கிறார். தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவர் நாலாவது வருடம் ஒன்றைக் கேட்டு வாங்க முயல்கிறார். சும்மா கேட்கவில்லை. சுற்றிலும் கொத்தி எருப்போடுகிறேன் என்கிறார், அதாவது மண்வெட்டியை மறுபடி கையில் எடுக்கிறார். அப்போதும் காய்க்கவில்லையென்றால் வெட்டலாம் என்று ஒப்புக்கொள்ளவும் செய்கிறார். வாய்பேச முடியாத ஒன்றுக்காக முதலாளியிடம் பேசுவது, காலக்கெடு வைப்பது, தன் உழைப்பைப் பிணையாக வைப்பது. மேற்பார்வையாளருக்கான எந்தப் பாடத்திட்டமும் இதைவிட நன்றாகத் தொடங்க முடியாது.

தலவிலயில் வாய்பேச முடியாதது தண்ணீர். குடாநாட்டின் மணலுக்கடியில் மழைநீர் தேங்கி, கனமான உப்புநீரின்மேல் ஒரு வில்லை போல மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அடி உயரம் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம்வரை நன்னீர் இருக்கும் என்பது நீரியலாளர்களின் கணக்கு. மேலே ஓர் அடி இறங்கினால் கீழே உப்புநீர் அந்த 40 அடிக்கு ஏறப்பார்க்கும். மணல் தண்ணீரைப் பிடித்துவைக்காது, ஆகவே பயிருக்கு நாள்தோறும் இறைக்க வேண்டும். மணல் உரத்தையும் பிடித்துவைக்காது, ஆகவே கூடுதலாகப் போட வேண்டும். போட்டதில் செடி எடுக்காத நைட்ரேட் நேரே அந்த வில்லைக்குள் இறங்குகிறது. கற்பிட்டிக் கிணறுகளில் நைட்ரேட் மிகுந்திருப்பதை 1980களிலிருந்தே ஆய்வாளர்கள் எழுதிவருகிறார்கள். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் வரம்பு வைத்திருப்பது முதன்மையாகக் கைக்குழந்தைகளை எண்ணித்தான். அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் வலுவை இழந்து உடல் நீலம் பாரிக்கலாம். பிள்ளைவரம் கேட்டு ஊர் ஊராக மக்கள் வந்துசேரும் மண்ணில் இதை நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

வெங்காயப் பாத்தியில் குனிந்திருக்கும் கைக்கு இது தெரியாது. தெரியவேண்டும் என்று அதைக் குறைசொல்லவும் முடியாது. அதன் பார்வைக்கு எட்டுவது இலையின் பச்சை. பக்கத்துத் தோட்டத்தார் எவ்வளவு இறைக்கிறார், போன போகத்தில் எத்தனை மூடை போட்டோம், கிணற்று நீரைக் கடைசியாகச் சோதித்தது எப்போது என்பதையெல்லாம் ஒன்றாக வைத்துப் பார்க்க, நிமிர்ந்து நிற்கும் ஒருவர் வேண்டும். மேற்பார்வைக்கு ஆன்மிக நியாயம் ஒன்று இருக்குமானால், அது இங்கேதான் இருக்கிறது. நிமிர்ந்து நிற்பதற்கு அவர் கூலி வாங்குவது தூரத்தைப் பார்ப்பதற்காக. பக்கத்தில் நிற்பவரை அதட்டுவதற்கு அந்த உயரம் தேவையில்லை.

தொடக்கநூலில் கடவுள் மனிதனை ஏதேன் தோட்டத்தில் வைத்ததற்கு இரண்டு வேலைகள் சொல்லப்படுகின்றன: உழைத்துப் பண்படுத்துவது, காப்பது. எபிரேய மூலத்தில் இந்த இரண்டு வினைகளும், பிற்பாடு பாலைவனத் திருக்கூடாரத்தில் லேவியர் செய்த ஊழியத்துக்கும் சேர்ந்தே வருகின்றன. காப்பதைக் குறிக்கும் அந்தச் சொல் இன்னோர் இடத்திலும் வருகிறது. சகோதரனைக் கொன்றுவிட்டு வந்த காயீன், அவனுக்கு நான் காவலாளியா என்று கேட்கும் இடம் அது. தோட்டத்தைக் காப்பதற்கும் உடன்பிறந்தவனைக் காப்பதற்கும் ஒரே வேர்ச்சொல். போப் பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட ‘லௌதாத்தோ சீ’ சுற்றுமடல் பண்படுத்தல், காத்தல் என்ற இந்த இணையை எடுத்து விளக்குகிறது. வள்ளுவரோ உழவு அதிகாரத்தில் ஏர், எரு, களை, நீர் என்று வரிசையாகச் சொல்லிவந்து, நீரைவிடவும் காப்பு நல்லது என்று முடிக்கிறார். உரமும் தண்ணீரும் பெருகப்பெருக விளைச்சல் பெருகும் என்று எண்ணும் எவரும் அந்தக் குறளில் ஒரு கணம் நிற்க வேண்டும்.

காப்பு மேலிருந்து ஆணையாக வந்தால் என்ன ஆகும் என்பதையும் இலங்கை பார்த்துவிட்டது. 2021 மே மாதத்தில் அரசு இரசாயன உர இறக்குமதிக்கு ஒரேயடியாகத் தடை போட்டது. நவம்பருக்குள் தடையைத் தளர்த்த வேண்டியதாயிற்று. அதற்குள் பயிர்கள் வீழ்ந்திருந்தன, விவசாயிகள் வீதிக்கு வந்திருந்தார்கள். மண்ணைக் காக்கும் நோக்கம் அதில் சொல்லப்பட்டது. ஒவ்வொரு தோட்டத்திலும் படிப்படியாக அளந்து குறைக்கத் தெரிந்த ஆட்களை முதலில் வளர்க்கும் பொறுமை அதில் இல்லை. அத்திமரத்துக்குக் கேட்ட அந்த ஒரு வருடம், விவசாயிக்குக் கொடுக்கப்படவில்லை.

அந்த ஆட்களை வளர்ப்பது பயிற்சி நிலையங்களின் வேலை. உர மூடையின் எண்ணிக்கையோடு கிணற்று நீரின் சோதனை முடிவையும் அதே பதிவேட்டில் எழுதப் பழக்கலாம். மருந்தடிப்பவரின் கையுறையை ஒரு பாதுகாப்பு விதியாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு நின்றுவிடாமல், அவர் யாருடைய தகப்பன் என்று கேட்கவும் பழக்கலாம். முதலாளி அதிகம் போடச் சொல்லும்போது, வேண்டாம் என்று காரணத்தோடு எடுத்துச்சொல்லவும் பழக்கலாம். கடைசியாகச் சொன்னதுதான் கடினம், ஏனென்றால் அதில் வேலையே போகலாம். அதைப் பழக்காத டிப்ளோமா நல்ல கங்காணிகளை உருவாக்கும்.

ஆகஸ்ட் திருவிழா முடிந்து கூடாரங்கள் பிரிக்கப்பட்டபின் கற்பிட்டியில் வறண்ட காற்று இன்னும் சில வாரம் வீசும். ஒக்டோபரில் மழை வரும். மணல் அதை உடனே உள்வாங்கிக்கொள்ளும். பாத்திகளில் மிஞ்சிக் கிடந்த உரத்தையும் சேர்த்துக்கொண்டு அந்த நீர் கீழே இறங்கி, வில்லையை நிரப்பி, கிணறுகளின் மட்டத்தை உயர்த்தும். அடுத்த மார்ச்சில் வருபவர்கள் அதில் கை கால் கழுவி, சோறு சமைத்து, பிள்ளைகளுக்குக் குடிக்கக் கொடுப்பார்கள்.